ஊசி போட்டால் மூன்று வாரம், பிறகு பழைய நாற்றம்: பூனையின் ஈறு நோய்

கேள்வி: வணக்கம் டாக்டர். சுங்கை சிப்புட் பக்கம் தோட்ட லயத்தில் இருக்கிறோம். வீட்டில் நான்கு பூனைகள். மூத்தவன் கருப்பனுக்கு ஆறு வயது, கருத்தடை செய்யவில்லை. ஐந்து மாதமாக வாய் நாற்றம் தாங்க முடியவில்லை. எச்சில் நூல் நூலாக வடிகிறது. பசியோடு தட்டுக்கு ஓடி வருவான், ஒரு வாய் வைத்ததும் கத்திக்கொண்டு ஓடிவிடுவான். டவுன் கிளினிக்கில் இரண்டு தடவை ஊசி போட்டு மாத்திரை கொடுத்தார்கள். ஒவ்வொரு தடவையும் மூன்று வாரம் நன்றாக இருந்தான், பிறகு பழையபடிதான். இப்போது பல்லைப் பிடுங்க வேண்டியிருக்கும் என்கிறார்கள். பல் இல்லாமல் எப்படிச் சாப்பிடுவான், பாவம் இல்லையா? மாமியார் கிராம்பு எண்ணெய் தடவச் சொல்கிறார். பக்கத்து வீட்டில் அரை பனடோல் கொடுக்கச் சொன்னார்கள். பெட் ஷாப்பில் பல்லில் படிந்த காரையைச் சுரண்டித் தருகிறோம் என்கிறார்கள். சோறும் கெம்போங் மீனும் போடுவதால்தான் இப்படி ஆனதா? மற்ற பூனைகளுக்கும் ஒட்டுமா? வாயைத் திறந்து பார்க்கப் போன மாமியாரின் விரலையும் முந்தாநாள் கடித்துவிட்டான். அவருக்குச் சர்க்கரை வியாதி.

பதில்: அம்மா, பூனையைப் பிறகு பார்ப்போம். முதலில் மாமியாரின் விரல். பூனையின் கோரைப் பல் ஊசி மாதிரி. உள்ளே ஆழமாக இறங்கும், மேல்தோல் உடனே மூடிக்கொள்ளும், கிருமி உள்ளேயே அடைபட்டுவிடும். அந்தக் கிருமிகளில் முக்கியமானது பாஸ்டுரெல்லா மல்டோசிடா. நோயில்லாத பூனையின் வாயிலும் இது இருக்கும். கடித்த 12 முதல் 24 மணி நேரத்திலேயே வீக்கமும் வலியும் தொடங்கிவிடும். விரலில் மூட்டும் தசைநாணும் தோலுக்கு அடியிலேயே இருப்பதால் கிருமி அங்கே போனால் விரலை மடக்க முடியாமலே போகலாம். சர்க்கரை உள்ளவருக்கு இன்னும் வேகமாகப் பரவும். வீக்கம் இல்லாவிட்டாலும் இன்றே அரசாங்க கிளினிக் கெசிஹாத்தானுக்கு அழைத்துப் போங்கள். "பூனை கடித்தது, சர்க்கரை இருக்கிறது" என்று இரண்டையும் சொல்லுங்கள், ஏனென்றால் சாதாரணப் புண்ணுக்குக் கொடுக்கும் சில ஆன்டிபயாடிக் இந்தக் கிருமியிடம் சரியாக எடுபடாது. டெட்டனஸ் ஊசி எப்போது போட்டார் என்பதையும் கேட்பார்கள். இனி யாரைக் கடித்தாலும் ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவிவிட்டு அன்றைக்கே டாக்டரிடம் காட்ட வேண்டும்.

அடுத்து பனடோல். கொடுக்கவே கூடாது, அரை வேண்டாம், கால் மாத்திரையும் வேண்டாம். அதிலிருக்கும் பாராசெட்டமோலை நம் கல்லீரல் உடைத்து வெளியேற்றிவிடும். அதற்கு வேண்டிய நொதி பூனையின் கல்லீரலில் மிகக் குறைவு. 500 மில்லிகிராம் மாத்திரையில் பாதி என்றால் 250 மில்லிகிராம். நான்கு கிலோ பூனைக்கு அது உயிரை எடுக்கும் அளவு. இரத்தம் ஆக்சிஜனைச் சுமக்க முடியாமல் ஈறு பழுப்பாகும், முகமும் பாதமும் வீங்கும், மூச்சு வாங்கும். யாராவது ஏற்கெனவே கொடுத்திருந்தால் அறிகுறிக்குக் காத்திருக்காமல் உடனே தூக்கிக்கொண்டு போங்கள். இபுபுரோஃபென், வோல்டரன் போன்ற நம் வலி மாத்திரைகளும் பூனையின் சிறுநீரகத்தைக் கெடுக்கும். கிராம்பு எண்ணெயும் இந்த வரிசைதான். அதிலுள்ள யூஜெனாலையும் பூனையின் உடல் உடைக்கத் திணறும். புண்ணான ஈறில் பட்டால் எரிச்சல் வேறு. மாமியார் நல்ல மனதோடுதான் சொல்கிறார், மனிதர் பல்வலிக்கு அது உதவுவதும் உண்மை. பூனைக்கு ஆகாது.

இனி கருப்பனின் வாய்க்குள் நடப்பதைச் சொல்கிறேன். ஊசி ஏன் மூன்று வாரம் மட்டும் நிற்கிறது என்பது அதில்தான் இருக்கிறது.

பல்லைச் சுத்தம் செய்த சில மணி நேரத்திலேயே எச்சிலும் கிருமிகளும் சேர்ந்து கண்ணுக்குத் தெரியாத ஒரு படலமாக அதன்மேல் படியும். அதைத் துடைக்காமல் விட்டால் எச்சிலிலுள்ள கால்சியம் அதில் இறங்கி, இரண்டு மூன்று நாளிலேயே இறுகத் தொடங்கும். அதுதான் காரை. பூனையின் எச்சில் காரத்தன்மை உள்ளது. அதனால் நமக்கு வருவதுபோல் சொத்தை விழாமல் காரை படிகிறது. ஆனாலும் காரையே நோய் என்று நினைத்துவிடாதீர்கள். நோயைச் செய்வது அதன்மேலும், ஈறுக்கு அடியிலும் ஒட்டியிருக்கும் படலம். படலம் தடிக்கத் தடிக்க உள்ளே காற்றுப் போகாது. காற்று தேவைப்படாத கிருமிகள் அங்கே பெருகும்: போர்பைரோமோனாஸ் குலே, டிரெபோனிமா போன்றவை. மனிதருக்கு ஈறு நோய் தரும் கிருமி ஒன்றுக்கு இந்தக் குலே நெருங்கிய உறவு. இவை புரதத்தைத் தின்று கந்தக வாயுக்களை விடுகின்றன. உங்களால் தாங்க முடியாத அந்த நாற்றம் அதுதான். இந்தக் கிருமிகளோடு உடல் போடும் சண்டையில் ஈறு சிவந்து வீங்குகிறது. இந்தக் கட்டம் வரை சுத்தம் செய்தால் பழைய நிலைக்குத் திரும்பும். அதைத் தாண்டிப் பல்லைப் பிடித்திருக்கும் எலும்பு கரையத் தொடங்கினால், கரைந்த எலும்பு திரும்ப வளராது.

ஆன்டிபயாடிக் இரத்தத்தின் வழியாக வருகிறது. படலத்துக்குள் இருக்கும் கிருமிகள் பசை போட்ட கோட்டைக்குள் இருப்பதுபோல் இருக்கின்றன. மருந்து உள்ளே சரியாகப் போய்ச் சேராது. வெளியே திரியும் கிருமிகள் சாகின்றன, வீக்கம் வடிகிறது, கருப்பன் சாப்பிடுகிறான். மருந்து நின்றதும் கோட்டையிலிருந்து மறுபடி கிளம்பி வருகின்றன. இன்னொன்று: போட்ட ஊசி ஸ்டீராய்டாக இருந்தால், எரிச்சலை அடக்கி சில வாரம் சுகம் காட்டுவது அதன் இயல்பு. திரும்பத் திரும்பப் போட்டால் பூனைக்குச் சர்க்கரை வியாதி வரும் வாய்ப்பு உண்டு. கிளினிக்கில் ஊசியின் பெயரையும் தேதியையும் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். அடுத்துப் பார்க்கும் டாக்டருக்கு அது அவசியம் தேவை, ஏனென்றால் ஸ்டீராய்டு உடலில் இருக்கும்போது சில வலி மருந்துகளைச் சேர்த்துக் கொடுத்தால் குடலில் புண் வரும்.

பெட் ஷாப்பில் சுரண்டுவது வேண்டவே வேண்டாம். மயக்கம் கொடுக்காமல் இரும்புக் கருவியால் எடுப்பது வெளியில் தெரியும் காரையை மட்டும். பல் வெள்ளையாகத் தெரியும், நோய் ஈறுக்கு அடியில் அப்படியே இருக்கும். பூனையின் பல்லில் எனாமல் மிக மெல்லியது. சுரண்டிக் கீறல் விழுந்த இடத்தில் படலம் முன்பைவிட வேகமாகப் பிடிக்கும். புண்ணான வாயைப் பிடித்து அமுக்கிச் சுரண்டும்போது அந்த உயிர் படும் வேதனையையும் யோசியுங்கள்.

கருப்பனுக்கு இருப்பது மூன்றில் ஒன்றாக இருக்கலாம், மூன்றும் கலந்தும் இருக்கலாம். கடித்த பூனை என்பதால் நீங்கள் வாயைத் திறக்க வேண்டாம். அவன் கொட்டாவி விடும்போதும் சாப்பிடும்போதும் கைப்பேசியில் படம் பிடியுங்கள். தட்டிலிருந்து கத்திக்கொண்டு ஓடுகிறானே, அந்த அரை நிமிட வீடியோவே டாக்டருக்குப் பாதி விவரம் சொல்லிவிடும். உதட்டைத் தொட விட்டால், சன்னல் வெளிச்சத்தில் அவன் முதுகு உங்கள் பக்கம் இருக்கும்படி மடியில் வைத்து, வாயின் ஓரத்தில் மேலுதட்டைக் கட்டைவிரலால் சற்றே தூக்கிப் பாருங்கள். தாடை மூடியே இருக்கட்டும். மேல் வரிசையில் பின்னால் இருக்கும் பெரிய பல்லில் வெல்லப்பாகு காய்ந்து ஒட்டியதுபோல் பழுப்புக் காரையும், அதை ஒட்டிய ஈறில் சிவப்புக் கோடும் இருந்தால் அது முதலாவது, ஈறு நோய். கோரைப் பல் முன்பைவிட நீண்டதுபோல் தெரிந்தாலும் அடியில் எலும்பு கெட்டிருக்கலாம்.

இரண்டாவது, பல் தானாகவே கரைவது. கீழ் வரிசையில் கோரைப் பல்லுக்குப் பின்னால் இருக்கும் முதல் கடைவாய்ப் பல்லில்தான் பெரும்பாலும் தொடங்கும். பல்லின் அடியில் சின்னக் குழி விழுந்து, அதை ஈறு மூடிக்கொண்டு ஒரு சிவப்புப் பொட்டு மாதிரி தெரியும். தொட்டால் தாடை வெடவெடவென்று ஆடும். இது நடுவயதுப் பூனைகளுக்குச் சாதாரணமாக வருவது. வேர் எவ்வளவு கரைந்திருக்கிறது என்பது எக்ஸ்ரே இல்லாமல் தெரியாது.

மூன்றாவதுதான் உங்கள் கடிதத்தைப் படித்ததும் எனக்கு முதலில் தோன்றியது: வாய் முழுவதும் புண்ணாகும் ஸ்டோமடைடிஸ். கொட்டாவி விடும்போது பாருங்கள், மேல் தாடையும் கீழ் தாடையும் சேரும் பின்மூலையில் இருபுறமும் இரத்தச் சிவப்பாகக் கொழகொழவென்று சதை தடித்திருக்கும். எச்சில் நூல், பசி இருந்தும் தட்டிலிருந்து ஓடுவது, ஊசிக்குச் சில வாரம் மட்டும் அடங்குவது, வீட்டில் பல பூனைகள் இருப்பது எல்லாம் அதற்குப் பொருந்துகின்றன. தன் வாயில் உள்ள கிருமிப் படலத்தின் மேலேயே உடலின் எதிர்ப்புச் சக்தி அளவுக்கு மீறிப் பாயும் நோய் இது. பூனைகளுக்குச் சளியும் வாய்ப்புண்ணும் தரும் கேலிசி வைரஸுக்கும் இதில் பங்கு உண்டு. கடிதத்தை வைத்து உறுதியாகச் சொல்ல முடியாது, நேரில் பார்க்க வேண்டும்.

ஆகவே பல் எடுக்கச் சொன்ன டாக்டர் தவறாகச் சொல்லவில்லை. பாவம் என்று கேட்டீர்கள். ஆடும் பல்லோடும் அழுகிய வேரோடும் ஐந்து மாதம் சாப்பிடுவதுதான் கருப்பன் இப்போது படும் பாடு. பூனையின் பல் பிடிக்கவும் கிழிக்கவும் அமைந்தது. மாடுபோல அரைத்து மெல்ல அது பயன்படுவதில்லை. தட்டில் நீங்கள் வைப்பதை நாக்கால் வழித்து விழுங்குகிறது. கடைவாய்ப் பல் எல்லாம் எடுத்த பூனைகள் புண் ஆறியதும் மென்மையான சாப்பாட்டை நன்றாகச் சாப்பிடும், பல பூனைகள் உலர் தீனியையும் அப்படியே விழுங்கும். வலி போனதால் முன்பைவிட எடை கூடும்.

ஈறு நோயாக இருந்தால் கெட்ட பல்லை மட்டும் எடுத்து, மற்றவற்றைச் சுத்தம் செய்தால் போதும். ஸ்டோமடைடிஸ் என்றால் முன்கடைவாய், கடைவாய்ப் பற்கள் அனைத்தையும் எடுப்பதே இன்றுள்ள சிறந்த வழி. படலம் ஒட்ட இடம் இல்லாமல் போவதுதான் நோக்கம். ஏறக்குறைய மூன்றில் இரண்டு பூனைகளுக்கு முழுக் குணமோ பெரிய நிவாரணமோ கிடைக்கிறது. மீதிக்குத் தொடர்ந்து மருந்து வேண்டியிருக்கும். நிவாரணம் தெரியச் சில வாரங்களிலிருந்து சில மாதங்கள்கூட ஆகலாம், மறுநாளே எதிர்பார்த்து மனம் உடைந்துவிடாதீர்கள். ஒரு வேர்த்துண்டு உள்ளே தங்கினாலும் புண் ஆறாது. அதனால்தான் பல்லுக்கான எக்ஸ்ரேவை இவ்வளவு வற்புறுத்துகிறேன்.

அந்த எக்ஸ்ரே கருவி எல்லாக் கிளினிக்கிலும் இருக்காது. ஈப்போவிலுள்ள கிளினிக்குகளுக்குப் போன் செய்து, பூனைக்குப் பல் எக்ஸ்ரே எடுப்பீர்களா, மயக்கம் கொடுக்கும்போது மூச்சுக்குழாயில் குழாய் வைப்பீர்களா, முன்கூட்டியே இரத்தம் பார்ப்பீர்களா, வலி மருந்து எத்தனை நாளுக்குத் தருவீர்கள் என்று கேளுங்கள். கேட்கக் கூச்சப்பட வேண்டாம். அங்கே முடியாத சிக்கலான நிலை என்றால் செர்டாங்கில் புத்ரா பல்கலைக்கழகத்தின் கால்நடை மருத்துவமனைக்கு எழுதிக் கொடுக்கச் சொல்லலாம்.

மூச்சுக்குழாயைக் கேட்கச் சொல்வதற்குக் காரணம் உண்டு. காரை எடுக்கும் கருவி தண்ணீரைப் பீய்ச்சிக்கொண்டே அதிரும். அந்தத் தண்ணீரும் கிருமியும் நுரையீரலுக்குள் போகாமல் தடுப்பது அந்தக் குழாய்தான். பிறகு மில்லிமீட்டர் கோடு போட்ட மெல்லிய கம்பியை ஒவ்வொரு பல்லைச் சுற்றியும் இறக்கி அளப்பார்கள். நல்ல ஈறில் அது ஒரு மில்லிமீட்டருக்கு மேல் இறங்காது. கெட்ட பல்லை எடுத்து, ஈறைத் தானாகக் கரையும் நூலால் தைப்பார்கள். மிச்சப் பல்லை மெருகேற்றாமல் விட்டால் சொரசொரப்பில் படலம் உடனே பிடிக்கும், அதனால் கடைசியில் மெருகேற்றுவார்கள். இரத்தப் பரிசோதனையில் சிறுநீரகத்தையும் சர்க்கரையையும் பார்ப்பதோடு எஃப்.ஐ.வி., எஃப்.இ.எல்.வி. என்ற, பூனையின் எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் இரண்டு வைரஸுக்கும் பார்க்கச் சொல்லுங்கள். கருத்தடை செய்யாத ஆண் பூனை தெருவில் சண்டை போடும், கடிபட்டு எஃப்.ஐ.வி. வரும், அது இருந்தால் வாய்ப்புண்ணும் ஆற நாளாகும். கருத்தடையை எப்போது செய்வது என்பதையும் அப்போதே பேசிவிடுங்கள்.

செலவு சில நூறு ரிங்கிட்டில் தொடங்கும். பல பற்கள் எடுத்தால் ஆயிரத்தைத் தாண்டவும் கூடும். தோட்டச் சம்பளத்தில் அது பெரிய தொகை என்பது எனக்குத் தெரியும். ஆனால் மூன்று வாரத்துக்கு ஒரு ஊசி என்று போட்டுக்கொண்டே போனால் ஆறு மாதத்தில் அந்தப் பணம் வேறு வழியில் போய்விடும், நோய் அப்படியே இருக்கும். பணம் சேர்க்க ஒரு மாதம் தேவை என்றால் டாக்டரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். அந்த மாதத்துக்குப் பூனைக்கான வலி மருந்தை எடை பார்த்துக் கொடுப்பார். டாக்சிசைக்ளின் மாத்திரை கொடுத்தால், அதை விழுங்கியதும் ஊசி இல்லாத சிரிஞ்சில் 5 அல்லது 6 மில்லி தண்ணீர் வாயோரமாக மெதுவாக விடுங்கள். அந்த மாத்திரை தொண்டைக்குக் கீழே சிக்கினால் உணவுக்குழாய் வெந்து சுருங்கிவிடும்.

சோறும் மீனும் இந்த நோயைக் கொண்டுவரவில்லை. உலர் தீனி பல்லைத் தேய்க்கும் என்பதும் பெரும்பாலும் வெறும் நம்பிக்கைதான், சாதாரண உருண்டை பல்லின் நுனி பட்டதும் உடைந்துவிடுகிறது, ஈறு வரை போவதே இல்லை. பல்லுக்கென்று நார் அதிகம் சேர்த்துப் பெரிதாகச் செய்த தீனி வேறு, விலங்குகளின் பல் பராமரிப்புப் பொருள்களைப் பார்த்து வி.ஓ.எச்.சி. என்ற அமைப்பு தரும் முத்திரை உள்ளதைக் கேட்டு வாங்கலாம். வேறொரு காரணத்துக்காகச் சோறு மீனை மாற்றச் சொல்கிறேன். பூனையின் கண்ணுக்கும் இதயத்துக்கும் தேவையான டாரின் என்ற சத்தும் கால்சியமும் அதில் போதாது. பாதியாவது முழுமையான பூனைத் தீனியாக இருக்கட்டும்.

மற்ற மூன்று பூனைகளுக்கும் வருவோம். ஈறு நோய் சளிபோல ஒட்டாது, கேலிசி வைரஸ் ஒட்டும். தட்டும் தண்ணீர்க் கிண்ணமும் தனித்தனியாக வையுங்கள். தடுப்பூசி தவறியிருந்தால் போடுங்கள், பூனைகளுக்கான வழக்கமான தடுப்பூசியில் கேலிசியும் சேர்ந்தே இருக்கும். கிண்ணங்களைக் கழுவிய பிறகு ஒரு பங்கு குளோரோக்ஸுக்கு 32 பங்கு தண்ணீர் கலந்து பத்து நிமிடம் ஊறவைத்து, மணம் போக அலசுங்கள்.

அந்த மூன்று பூனைகளுக்கும் பல் துலக்கப் பழக்குங்கள். கருப்பனுக்கு இப்போது வேண்டாம், வலிக்கும் வாயில் பிரஷ் வைத்தால் பிறகு வாழ்நாள் முழுதும் வாயைத் தொட விடமாட்டான். முதல் மூன்று நான்கு நாள் உப்பில்லாத மீன் தண்ணீரில் விரலைத் தொட்டு நக்க மட்டும் விடுங்கள். அடுத்த சில நாள் அந்த விரலை உதட்டுக்குள் விட்டு மேல்பல்லின் வெளிப்பக்கம் தடவுங்கள். பிறகு விரலில் காஸ் துணி, அதற்குப் பிறகுதான் தலை சின்னதான, மிக மென்மையான குழந்தை பிரஷ். மயிர்கள் ஈறும் பல்லும் சேரும் கோட்டைத் தொட வேண்டும், சாய்வாகப் பிடியுங்கள். எச்சில் சுரக்கும் வாய் மேல் பின்பல்லுக்கு எதிரே திறப்பதால் காரை அங்கேதான் அதிகம், அங்கிருந்து தொடங்குங்கள். பக்கத்துக்கு அரை நிமிடம் போதும், உள்பக்கத்தை விட்டுவிடலாம். படலம் இரண்டு மூன்று நாளில் இறுகிவிடும் என்று சொன்னேனே, அதனால் தினமும் செய்வதுதான் கணக்கு. வாரம் ஒரு தடவை செய்வது வீண் உழைப்பு. பூனைக்கான பற்பசை கிடைத்தால் நல்லது, இல்லாவிட்டாலும் தேய்ப்பதுதான் வேலையைச் செய்கிறது. நம் பற்பசை கூடாது, பூனைக்குத் துப்பத் தெரியாது, ஃபுளோரைடும் நுரையும் வயிற்றுக்குள் போய்விடும். உப்பும் சோடா மாவும் வேண்டாம்.

அறுவைக்குத் தேதி கிடைக்கும் வரை கருப்பனுக்கு எலும்பும் முள்ளும் நீக்கிய மீனையோ ஈரத் தீனியையோ வெந்நீர் விட்டுக் கூழாக மசித்து, கைக்கு இளஞ்சூடாக இருக்கும்போது வையுங்கள். சூடு இருந்தால் மணம் வரும், மென்மையாக இருந்தால் வலி குறையும். குழிவான கிண்ணத்தைவிடத் தட்டையான தட்டு நல்லது. வாரம் ஒருமுறை அவனைத் தூக்கிக்கொண்டு எடைக் கருவியில் நின்று, பிறகு தனியாக நின்று கழித்துக் குறித்து வையுங்கள். நான்கு கிலோ பூனை 400 கிராம் இழந்தால் அது பத்தில் ஒரு பங்கு உடல். அறுவைக்குப் பிறகும் பத்து முதல் பதினான்கு நாள் இதே கூழ்தான், உலர் தீனி வேண்டாம். அறுவைக்கு முன்னாலோ பின்னாலோ 24 மணி நேரம் எதையும் தொடாமல் இருந்தால் தேதிக்குக் காத்திருக்காமல் கிளினிக்குக்குப் போன் செய்யுங்கள். பட்டினி கிடக்கும் பூனையின் கல்லீரலில் கொழுப்பு ஏறிவிடும், அதைச் சரிசெய்வது பல்லைவிடப் பெரிய வேலை.